டெல்டா வீட்டுக்கு ஹை-ஃபை ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் இருந்துகொண்டு லட்ச ரூபாய்க்கு மேல் போட்டு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கிற அறிவுரையில் முக்கால்வாசி, மரத்தரையும் கம்பளமும் ஜிப்சம் பலகைச் சுவரும் உள்ள வெளிநாட்டு வீடுகளுக்காக எழுதியது. அந்தப் பலகைச் சுவர் லேசாக அதிர்ந்து, பாஸ் என்கிற கீழ் ஒலியில் ஒரு பங்கைத் தானே உறிஞ்சிவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அசையவே அசையாது, போன பாஸ் அத்தனையும் திரும்ப வரும். அதனால் அங்கே ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஸ்பீக்கர் இங்கே வந்து குடத்துக்குள் பேசுவது போல இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்து லட்சம் போட்டாலும் அது மாறாது.

நான் தேடிய வரையில் இந்த விலையில் ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டும் கடை நம் பக்கம் கிடைக்கவில்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும், வேறொருவர் அறையில் கேட்டுவிட்டு நம் அறைக்கு வாங்க வேண்டும். பார்சல், பில், வாரண்டி, மழை என்று ஒவ்வொன்றும் ஒரு பாடு. நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன், வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக ஆறாவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

1. அறையை அளந்து, 570-ஐ வகுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். 570 என்ற எண்ணை ஒவ்வொன்றாலும் வகுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1,140 அடி போகிறது, அதில் பாதிதான் இந்த 570. கிடைக்கிற விடை, அந்தத் திசையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி மாட்டிக்கொண்டு நின்று பெருகுகிற முதல் அதிர்வெண். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 15 அடிக்கு 38, 20 அடிக்கு 28 என்று வரும். இவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் கொஞ்சம் கொஞ்சம் பெருகும்.

இதில் பெரிய பொறி எது தெரியுமா? பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். புது வீடுகளில் ‘சின்ன பெட்ரூமைப் பாட்டு ரூம் ஆக்கிக்கலாம்’ என்று ஒதுக்குவது பெரும்பாலும் இதைத்தான். மூன்று திசையிலும் அதே 57 ஹெர்ட்ஸ், மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். பாஸ் கிட்டாரின் திறந்த ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடம். அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் அறை ‘பூம்’ என்று எழும், பக்கத்துச் சுரங்கள் அடங்கிக் கிடக்கும். இளையராஜாவின் எண்பதுகளின் பாஸ் வரிகளைக் கேட்கத்தான் ஸ்பீக்கரே வாங்குகிறேன் என்பவர்கள் இந்த அறையைத் தவிர்த்து, வீட்டில் மூன்று அளவும் வேறு வேறாக இருக்கும் ஓர் அறையைப் பாருங்கள். 10க்கு 13, 11க்கு 16 எல்லாம் எவ்வளவோ மேல்.

என் கணக்கு இது: 120 சதுர அடி வரை உள்ள மூடிய அறைக்கு ஐந்து, ஐந்தரை அங்குல வூஃபர் (பாஸ் தரும் பெரிய கூம்பு) உள்ள, ஸ்டாண்டில் வைக்கும் சின்னப் பெட்டியான புக்‌ஷெல்ஃப் போதும். 200 சதுர அடி வரை ஆறரை அங்குல புக்‌ஷெல்ஃப் அல்லது ஒல்லியான ஃப்ளோர்ஸ்டாண்டர் (தரையில் நேரே நிற்கும் உயரமான பெட்டி). 300 சதுர அடிக்கு மேல் போனால்தான் எட்டு அங்குல வூஃபர் இரண்டு வைத்த உயரமான பெட்டிகளைப் பற்றி யோசிக்க வேண்டும். சின்ன அறையில் 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஸ்பீக்கரை வைத்தால் அந்த இறக்கத்துக்கு நீங்கள் கொடுத்த பணம் முழுக்கக் குழப்பமாகத்தான் காதுக்கு வரும்.

முற்றம் வைத்த பழைய வீடு என்றால் கதை வேறு. கூடத்தின் ஒரு பக்கம் முற்றத்துக்குத் திறந்திருப்பதால் பாஸ் வெளியே போய்விடும், 570 கணக்கும் சரிவர ஒத்துவராது. பூம் இருக்காது, ஆனால் சின்ன ஸ்பீக்கர் சப்பென்று கேட்கும். அக்ரஹாரத்து வீட்டுக் கூடத்துக்கு அளவை மட்டும் பார்த்துவிட்டுச் சின்னதாக வாங்கிவிடாதீர்கள், ஒலியைப் பொறுத்தவரை தாழ்வாரமும் முற்றமும் சேர்ந்து ஒரே இடம்தான். அப்புறம், கூடத்தில் ஊஞ்சல் இருந்தால் அது ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் வருமா என்று இப்போதே பாருங்கள். ஊஞ்சலைக் கழற்ற வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

2. நடுவில் நின்று கை தட்டுங்கள்

அறையின் நடுவில் நின்று பலமாக ஒரு தட்டு. தட்டிய பிறகு ‘ட்ர்ர்ங்’ என்று உலோகச் சத்தம் போல ஒன்று தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். டைல்ஸ், புட்டி பூசிய சுவர், கண்ணாடிக் கதவு அலமாரி மூன்றும் உள்ள அறையில் இது கட்டாயம் இருக்கும். இந்த அறையில் எந்த ட்வீட்டரும் (மேல் ஒலி தரும் சின்ன டிரைவர்) கூச்சலிடும்.

இதைச் சரி செய்ய கோரைப்பாயும் ஜமுக்காளமும் உதவும் என்று நினைக்காதீர்கள். மெல்லியது எதுவும் மேல் கோடி அதிர்வுகளை மட்டும்தான் கொஞ்சம் தின்னும். இணையத்தில் முட்டை அட்டை மாதிரி ஓர் அங்குல ஃபோம் விற்கிறார்களே, அதற்கும் இதே நிலைதான். அதைச் சுவர் முழுக்க ஒட்டினால் டிரெபிள் என்கிற மேல் ஒலி செத்து, பூம் மட்டும் அப்படியே நிற்கும். பணமும் போய் அறையும் கெட்டது.

வேலை செய்வது கனம். தச்சரிடம் சொல்லி நாலடிக்கு இரண்டடி மரச் சட்டம் செய்து, அதில் இரண்டு அங்குலமோ நான்கு அங்குலமோ கனமுள்ள ராக்வூல் (கல் இழை) பலகையை வைத்து, மேலே பருத்தித் துணி இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். 48 கிலோ அடர்த்தி என்று கேட்டால் ஏசி டக்ட் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் இன்னும் கீழ் அதிர்வெண்கள் வரை உறிஞ்சும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் ராக்வூலைத் தொடாதீர்கள், நாள் முழுக்க அரிக்கும்.

எங்கே மாட்டுவது? நீங்கள் உட்காரும் இடத்தில் உட்காருங்கள், வீட்டில் ஒருவரைப் பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் பேனல் வர வேண்டிய இடம். ஒரு பக்கத்துக்கு ஒன்று, உங்கள் தலைக்குப் பின்னால் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். மூலைகளுக்கு நம் வீட்டிலேயே ஒரு பொருள் இருக்கிறது: பரணில் கிடக்கும் இலவம் பஞ்சு மெத்தைகள். சுருட்டி, துணி உறை போட்டு, ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு மூலைகளிலும் நிறுத்திப் பாருங்கள். பார்க்க நன்றாக இருக்காது, காதுக்கு வித்தியாசம் தெரியும். புத்தக அலமாரி, திவான், கனமான திரை எல்லாமே கணக்கில் சேரும்.

அறையைச் சரி செய்த பிறகுதான் ஸ்பீக்கரைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் இப்போது இருக்கிற பழைய ஸ்பீக்கரே போதும் என்று சிலருக்கு இந்த இடத்தில் தோன்றலாம். தோன்றினால் அதிர்ஷ்டசாலி, மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

3. நீங்கள் உண்மையில் கேட்பது என்ன என்று எழுதுங்கள்

கேட்க ஆசைப்படுவதை எழுத வேண்டாம், போன மாதம் கேட்டதை எழுதுங்கள். ‘எல்லாம் கேட்பேன்’ என்று சொன்னால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் விற்பார்.

குரல், வீணை, வயலின், கச்சேரி என்றால் மிட் என்று சொல்கிற நடுப்பகுதி இயல்பாக இருப்பதுதான் முக்கியம். எழுபதுகளின் தொடக்கத்தில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்னஞ்சிறு ஸ்பீக்கரை வடிவமைத்தது. வண்டிக்குள் நெருங்கி உட்கார்ந்து, பேச்சும் குரலும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அந்த வழியில் வந்த ஹார்பெத், ஸ்பெண்டார் போன்றவை இன்றும் சின்ன அறையில் குரலுக்கு அருமை. பெட்டியின் பலகை மெல்லிசாக இருக்கும், பாஸ் ஆழமாகப் போகாது, சத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மாலை நேரம் ஆறடி தள்ளி உட்கார்ந்து ஆலாபனை கேட்கிறவருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கட்சி.

மிருதங்கத்தை வைத்து ஒரு சோதனை உண்டு. தொப்பியில் (இடப் பக்கத் தோலில்) கும்கி விழும்போது சுருதி வழுக்கிக்கொண்டு ஏறுவது காதில் தெரிய வேண்டும். எல்லாக் கும்கியும் ஒரே ‘தும்’ ஆகக் கேட்டால் அறையோ ஸ்பீக்கரோ பாஸைக் கலக்குகிறது. தம்புராவை வைத்து ட்வீட்டரைச் சோதிக்கலாம். ஜீவாவின் (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) மேல் சுரங்கள் மினுமினுக்க வேண்டும், ‘ஸ்ஸ்’ என்று உரசக் கூடாது.

நாகஸ்வரம், தவில் வேறு ஜாதி. நம் மண்ணின் வாத்தியம், நரசிங்கம்பேட்டையில் செய்து திருவாவடுதுறையிலும் திருவாரூரிலும் வளர்ந்தது, கோபுர வாசலிலும் வீதி உலாவிலும் கேட்பதற்கென்றே உண்டானது. தவிலில் ஒரு பக்கம் கழி, மறு பக்கம் விரல் கூடு, அடி விழும் கணத்தில் ஒலி எங்கிருந்து எங்கோ எகிறும். 83 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள சின்ன ஸ்பீக்கரில் அந்த எகிறல் நசுங்கி, தவில் தகர டப்பா ஆகிவிடும். இதற்கு ஹார்ன் (குழல் வாய் வைத்த) ஸ்பீக்கர், இல்லையென்றால் பெரிய வூஃபர் வைத்த அதிக சென்சிடிவிட்டி ஸ்பீக்கர்தான் சரி. கிளிப்ஷ் ஹெரஸி மாதிரியானவை 99 டெசிபல் என்று போட்டிருப்பார்கள், நிறுவனக் கணக்கு கொஞ்சம் தாராளம் என்று கழித்தாலும் வித்தியாசம் பெரிது. ஆனால் மொட்டை டைல்ஸ் அறையில் ஹார்னில் நாகஸ்வரம் போட்டால் அரை மணி நேரத்தில் தலைவலி வரும். இரண்டாவது படியைத் தாண்டாமல் இங்கே வராதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பழைய இசைத்தட்டுப் பதிவுகள், அறுபதுகள் எழுபதுகளின் வானொலிக் கச்சேரிகள்தான் உங்கள் சொத்து என்றால், ‘டீட்டெயில்’ என்று விளம்பரப்படுத்தும் பளிச் ஸ்பீக்கர்களை விட்டுவிடுங்கள். கீறலும் இரைச்சலும்தான் டீட்டெயிலாகக் கேட்கும். வார்ஃப்டேல் லின்டன், டென்டன் மாதிரி மென்மையான மேல்பகுதி உள்ளவை இதற்கு ஒத்துப்போகும், விலையும் குறைவு.

சினிமாப் பாட்டு, ரஹ்மானுக்குப் பிந்தைய அடுக்கடுக்கான பதிவுகள் என்றால் இடமும் ஆழமும் தெளிவாகத் தெரிகிற ஸ்பீக்கர் வேண்டும். கெஃப்பின் எல்எஸ்50 மெட்டா மாதிரி, வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் வைத்த வடிவங்கள் இதில் கெட்டி. நெருங்கி உட்கார்ந்தாலும் பாடகர் நடுவில் நிற்பார். ஆனால் அது 79 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிடும், பிற்பாடு ஆழ்ந்த பாஸுக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபருக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

ஆசைப்படக்கூடிய ஆனால் நம் பக்கம் யோசிக்க வேண்டிய இரண்டு வகை. ஒன்று, குவாட் போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் பேனல்கள். குரலுக்கு அவற்றை அடிக்க ஆளில்லை, ஆனால் உயர் மின்னழுத்தத்தில் ஓடும் மெல்லிய படலம் அது, ஈரமும் தூசியும் சேர்ந்தால் படபடவென்று பொரியும். ஐப்பசி கார்த்திகையில் உப்பு டப்பாவே நீர் விடுகிற ஊரில் ஏசி ஓயாமல் ஓடும் தனி அறை இல்லாமல் வாங்க வேண்டாம். இரண்டு, கிளிப்ஷ்ஹார்ன் போல மூலைகளுக்கென்றே செய்தவை. ஒரே சுவரின் இரண்டு மூலையும் வெறுமையாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் ஒரு மூலையில் கதவும் மறு மூலையில் பூஜை அலமாரியும் இருக்கும்.

4. ஸ்பெக் தாளில் மூன்று எண் போதும்

சென்சிடிவிட்டி, இம்பீடன்ஸ் (பெருக்கியான ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை), பாஸ் எல்லை (எவ்வளவு கீழ் ஒலி வரை இறங்கும்). மீதியெல்லாம் அலங்காரம்.

சென்சிடிவிட்டி 85 டெசிபல் என்றால் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 85. மூன்று டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும், பத்து டெசிபல் கூட்டப் பத்து மடங்கு. பத்தடி தள்ளி உட்கார்ந்தால் 6 முதல் 9 டெசிபல் இழப்பு, இரண்டு ஸ்பீக்கர் என்பதால் மூன்று வரவு. ஆகப் பத்தடியில் ஒரு வாட்டுக்கு 80 டெசிபல் பக்கம் கிடைக்கும். உச்சத்தில் 100 டெசிபல் வேண்டுமென்றால் 100 வாட் ஆம்ப். அதே இடத்தில் 95 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் பத்து வாட் போதும். ஸ்பீக்கருக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு ஆம்ப்புக்கு மூன்று மடங்கு செலவழிக்கிற பொறி இங்கே இருக்கிறது.

இம்பீடன்ஸ் நான்கு ஓம், அதற்கும் கீழே இறங்குகிறது என்று இருந்தால் சாதா ரிசீவரோடு கட்டாதீர்கள், கோடையில் சூடேறி நின்றுவிடும். பாஸ் எல்லையைப் படிக்கும்போது பக்கத்தில் மைனஸ் 3 டெசிபலா, மைனஸ் 6-ஆ என்று பாருங்கள். ஒன்றும் போடாமல் வெறும் எண் இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

5. பணத்தைப் பிரித்து எழுதுங்கள்

மூன்று லட்சம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் பிரிப்பது இப்படி: ஸ்பீக்கருக்கு ஒன்றரை லட்சம், ஆம்ப்புக்கு எழுபத்தைந்தாயிரம், பேனல் திரை என்று அறைக்கு முப்பதாயிரம், ஸ்டாண்டும் ஒயரும் இருபதாயிரம், ஸ்டெபிலைசர் எர்த் வேலைக்குப் பத்தாயிரம், மீதி பதினைந்தாயிரம் பயணத்துக்கும் பார்சலுக்கும் எதிர்பாராததற்கும். முழுப் பணத்தையும் ஸ்பீக்கரில் கொட்டிவிட்டு அதை டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கிறவர்கள்தான் அதிகம். கடை ஸ்டாண்ட் வேண்டாம் என்று தோன்றினால் நல்ல வெல்டரிடம் கனமான இரும்பில் அடித்து மணல் நிரப்பிக்கொள்ளலாம், ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வருமாறு அளவு கொடுங்கள். மணலை வறுத்து ஈரம் போக்கிவிட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும்.

ஒயரில் ஏமாறாதீர்கள். சுத்தச் செம்பு, 2.5 சதுர மில்லிமீட்டர், முப்பது அடிக்குள் இருந்தால் போதும். மீட்டர் ஐயாயிரம் ரூபாய் ஒயர் வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

6. கேட்கப் போகும்போது

சென்னைக் கடைகளுக்குப் போன் செய்து நாளும் நேரமும் வாங்கிக்கொண்டு போங்கள். மன்னை, உழவன் இரண்டும் ராத்திரி ஏறினால் விடியலில் சென்னை, கடை திறக்கும் வரை நேரம் இருக்கும். ஆனால் ரயிலில் தூங்காமல் வந்த காதோடு உடனே கேட்க வேண்டாம், குளித்து டிபன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வார நாள் நல்லது. சனி, ஞாயிறு கூட்டத்தில் அரை மணி நேரம் கூடத் தனியாக விட மாட்டார்கள்.

உங்கள் பாட்டை நீங்களே பென் டிரைவில் கொண்டு போங்கள். கடைக்காரர் போடும் பாட்டுகள் எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகவே பொறுக்கி வைத்தவை. இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று மொபைல் ஆப்பில் பாருங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக வைத்தாலே அதுதான் நல்ல ஸ்பீக்கர் என்று காது சொல்லிவிடும், இது விற்பவர்களுக்குத் தெரியும். கடையின் அறை அளவைக் கேளுங்கள், அதுவும் கம்பளம் போட்டு ஏசி வைத்த பெரிய அறையாகத்தான் இருக்கும். உங்கள் அறை அளவையும் கைதட்டிய வீடியோவையும் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு, கேட்டதை விடச் சின்ன ஸ்பீக்கரைச் சிபாரிசு செய்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

திரும்பக் கொடுக்கலாமா, எத்தனை நாளுக்குள், செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸப் செய்தியாக இருந்தாலும் சரி.

7. பில்லும் காகிதமும்

புதிதாக வாங்கினால்: ஜிஎஸ்டி பில், அதில் இரண்டு ஸ்பீக்கரின் சீரியல் எண்ணும் தனித்தனியாக. கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரண்டி அட்டை. இந்தியாவில் அந்த பிராண்டை இறக்குமதி செய்பவர் யார், சர்வீஸ் எங்கே, ஸ்பீக்கரை அனுப்ப வேண்டுமென்றால் பார்சல் செலவு யார் தலையில். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஒரு வூஃபர் போனால் அப்போதுதான் தெரியும்.

சிங்கப்பூரில் மச்சான் இருக்கிறார், வரும்போது கொண்டு வரச் சொல்லலாம் என்ற யோசனை நம் பக்கம் எல்லாருக்கும் வரும். திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது, அங்கே அடெல்ஃபி கட்டடத்தில் வரிசையாக ஹை-ஃபை கடைகள் இருக்கின்றன, விலையும் சில சமயம் குறைவு. கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஒன்று, அங்கே வேலை அனுமதியில் இருப்பவருக்குச் சுற்றுலாப் பயணிக்குத் திருப்பித் தரும் ஜிஎஸ்டி வரி கிடைக்காது. இரண்டு, வரியில்லா வரம்புக்கு மேல் உள்ள மதிப்புக்கு இங்கே சுங்க வரி உண்டு, வரம்பு அவ்வப்போது மாறும், டிக்கெட் போடும் முன் சுங்கத் துறை தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இருவரின் வரம்பைச் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். சிவப்பு வழியில் போய் பில்லைக் காட்டி வரி கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று, எடை. எல்எஸ்50 மெட்டா ஒன்று 7.8 கிலோ, ஜோடி சமாளிக்கலாம். ஃப்ளோர்ஸ்டாண்டரை விமானத்தில் நினைக்கவே வேண்டாம். நான்கு, அந்த வாரண்டி இங்கே செல்லாமல் போக வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலிருந்து ஆம்ப் கொண்டு வந்தால் அது 120 வோல்ட், நம் 230-இல் செருகிய நிமிடம் போய்விடும். ஸ்பீக்கருக்கு இந்தக் கவலை இல்லை, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் வகைக்கு உண்டு.

செகண்ட் ஹேண்ட் என்றால் நேரில் போகாமல் முன்பணம் போடாதீர்கள். முதல் பில்லின் நகல், இரண்டு சீரியல் எண்ணும் ஜோடியாக இருக்கிறதா, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பரா ஃபோமா. ஃபோம் விளிம்பு நம் ஈரத்தில் பொடிந்து உதிரும், பழைய ஜோடியில் ஃபோம் இருந்தால் மாற்றும் செலவைக் கழித்துக் கேளுங்கள். மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்தால் எட்டு ஓம் ஸ்பீக்கர் சுமார் ஆறு காட்ட வேண்டும், இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மொபைலில் 20 ஹெர்ட்ஸிலிருந்து ஏறும் ஸ்வீப் ஒலியை மெதுவான சத்தத்தில் போட்டுக் கரகரப்பு வருகிறதா கேளுங்கள். பெட்டியின் அடியைத் தூக்கிப் பாருங்கள், எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) ஈரம் குடித்து உப்பியிருந்தால் அடியில்தான் தெரியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துச் சரக்கு என்றால் டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா என்றும்.

8. எப்போது வாங்குவது, எப்படி வர வைப்பது

தை முதல் சித்திரை வரை. தாளடி அறுவடைப் பணம் கையில் இருக்கும் காலமும் அதுதான் என்பது தற்செயல். ஐப்பசி முதல் மார்கழி முன்பாதி வரை லாரியில் எதையும் வர வைக்காதீர்கள், அட்டைப்பெட்டி நனைந்தால் உள்ளே இருப்பதும் நனையும். தீபாவளித் தள்ளுபடி வந்தால் பில்லைப் போட்டுவிட்டு, டெலிவரியைப் பொங்கலுக்குப் பிறகு தள்ளச் சொல்லுங்கள், எழுத்தில். இருப்பில் இல்லாத மாடலை ஆர்டர் போட்டால் வாரக்கணக்கில் ஆகும், அதற்கிடையில் விலை ஏறினால் யார் கட்டுவது என்றும் முன்பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்சலுக்கு அட்டைப்பெட்டி போதாது. பிளைவுட் கூடு அடிக்கச் சொல்லி, அதன் புகைப்படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வந்த ஒரு பெட்டி, மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்ட பக்கம் கீழே இருக்கும்படி இறக்கப்பட்டது, கூடு இருந்ததால் தப்பியது. டிரான்சிட் இன்சூரன்ஸ் முழு மதிப்புக்கு எடுங்கள். வெளிமாநிலத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சரக்கு என்றால் இ-வே பில் கட்டாயம், கடைக்காரர் போடுகிறாரா என்று கேளுங்கள், வழியில் நிறுத்தினால் நாட்கள் போகும். லாரி அலுவலகத்திலேயே பெட்டியின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து, அடி இருந்தால் ரசீதில் எழுதிய பிறகே கையெழுத்து. பிரிப்பதை முதல் நொடியிலிருந்து வீடியோ எடுங்கள்.

9. வீட்டில் வைப்பது

இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணம். இதோடு தொடங்கி நகர்த்திக்கொண்டே போங்கள், ஒரு வாரம் ஆகட்டும். உட்காரும் இடம் அறையின் நேர் நடுவில் இருக்கக் கூடாது, அங்கே முதல் அலை காணாமல் போகும். பின்சுவரில் முதுகை ஒட்டியும் கூடாது, அங்கே எல்லா பாஸும் குவியும். ஸ்பீக்கர் பக்கத்துச் சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, அங்கிருந்து முன்னே பின்னே அரை அடி நகர்ந்து பாருங்கள்.

ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் உள்ள தூரத்தை அடியில் எடுத்து, 285-ஐ அதால் வகுங்கள். மூன்றடி என்றால் 95 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் பள்ளம் விழும். மிருதங்கம் மெலிந்து கேட்டால் ஆம்ப்பைத் திட்டாதீர்கள், ஸ்பீக்கரை நகர்த்துங்கள். பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கருக்குச் சுவரிலிருந்து ஓரடியாவது விட வேண்டும், இடம் இல்லையென்றால் ஓட்டையில் ஃபோம் அடைப்பான் செருகுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் யூமிக்-1 என்ற அளக்கும் மைக் ஒன்றை வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளில் அளந்து பாருங்கள். ஈக்வலைசரால் மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. நிரப்பப் பார்த்தால் வூஃபர்தான் சாகும்.

ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு மெல்லிய ஒலிகள் கேட்கவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. கேட்கும் நேரம் ஏசியைக் குறைந்த விசிறியில் வையுங்கள், அல்லது ராத்திரி ஒன்பதுக்கு மேல் கேளுங்கள். மார்கழி விடியலில் மட்டும் முயற்சி வேண்டாம், கோயில் குழாய் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டிக்கு முன்னால் எந்த பிராண்டும் நிற்காது.

10. கரண்ட்

எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதியுங்கள், ஆம்ப்புக்குத் தனி லைன் இழுத்தால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டர் சைன் வேவ் இல்லையென்றால் கரண்ட் போனதும் ஸ்பீக்கரில் ‘ங்ங்’ வரும், அப்போது ஆம்ப்பை அணைத்துவிடுங்கள். இடி மின்னலுக்கு ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள்.

11. மழைக்கு முன்னால்

புரட்டாசி முடியும் முன் ஸ்பீக்கரைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்துங்கள், பின்சுவரில் ஓதம் இருந்தால் இன்னும் ஓரடி தள்ளுங்கள். கிரில் துணியைக் கழற்றி வெயிலில் காய வையுங்கள், கூம்பில் பூஞ்சை படிந்தால் காய்ந்த மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது. மழைக்காலத்தில் தினமும் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். எலி ஒயரைக் கடிக்கும், குழாய்க்குள் விட்டு இழுங்கள். அசல் அட்டைப்பெட்டிகளைப் பரணில் போடுவதானால் பாலிதீனில் சுற்றி, சுவரைத் தொடாமல், கரையான் மருந்து அடித்த பலகையின் மேல் வையுங்கள். பிற்பாடு விற்கும்போது அந்தப் பெட்டி இருந்தால் விலை நன்றாகவே கூடும், இல்லையென்றால் வாங்குபவர் வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.